காப்பீடு ஆரோக்கியம் தருமா? ஓரிகன் குலுக்கலும் அதன் பின்னாலிருந்த பொருளியலாளர்களும்

மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், இல்லாதவர்களைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்களா? அமெரிக்கப் புள்ளிவிவரங்களைப் புரட்டினால் 'ஆமாம்' என்றுதான் தெரியும். அந்த ஆரோக்கியம் காப்பீட்டால்தான் வந்ததா என்று அடுத்த கேள்வியைப் போடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நல்ல வேலையில் இருப்பவருக்குக் கம்பெனியே காப்பீடு எடுத்துத் தருகிறது. அதே ஆளுக்கு நல்ல வீடு, நல்ல சாப்பாடு, படிப்பு எல்லாமும் இருக்கின்றன. அவர் உடம்பு நன்றாக இருப்பதற்கு இவற்றில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், உடம்புக்கு முடியாமல் போனவர்தான் அலைந்து திரிந்து காப்பீட்டுக்கு விண்ணப்பம் போடுகிறார். அவர்களை மட்டும் பார்த்தால் காப்பீடு எடுத்தவர்களுக்குத்தான் நோய் அதிகம் போலத் தோன்றும்.

இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கச் சுகாதாரப் பொருளியல் துறை அரை நூற்றாண்டைச் செலவிட்டிருக்கிறது. அந்தக் கதையை நூல் பிடித்துப் போனால், பொருளியலாளர்கள் எப்படி வேலை பார்க்கிறார்கள், எதற்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்பதும் கூடவே விளங்கும். இதில் என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் மிக மோசமாகத் தப்பாகப் படிக்கப்படுவது 'பலன் தெரியவில்லை' என்கிற முடிவுதான். அதைப் 'பலன் இல்லை' என்று மாற்றி ஊருக்குச் சொல்வது, ஏழைகளின் வைத்தியத்தோடு விளையாடுகிற காரியம்.

துறையின் பிறப்பு என்று பெரும்பாலோர் குறிப்பிடுவது 1963 டிசம்பரில் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் கென்னத் ஆரோ எழுதிய கட்டுரையை. ஆரோ அதுவரை மருத்துவத்தைப் பற்றி எழுதியவர் இல்லை. வாக்களிப்பு, சந்தைச் சமநிலை போன்ற கணிதக் கோட்பாடுகள்தான் அவருடைய களம். 1972இல் நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகத்தான். ஃபோர்டு அறக்கட்டளை கேட்டுக்கொண்டதால் இதை எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது: நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு என்ன சிகிச்சை வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது. சிகிச்சை முடிந்த பிறகும், குணமானது மருந்தாலா தானாகவா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இத்தனை இருட்டு உள்ள இடத்தில் சந்தை தானாகச் சரியாக இயங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

1968இல் மார்க் பாலி என்ற பொருளியலாளர் அதே இதழில் ஆரோவுக்கு ஒரு சிறிய மறுப்புக் குறிப்பு எழுதினார். காப்பீடு இருப்பவர் கூடுதலாக டாக்டரிடம் போவது ஒழுக்கக் கேடு அல்ல. விலை குறைந்தால் யாரும் அதிகம் வாங்குவார்கள், அவ்வளவுதான் என்றார். துறை இன்றுவரை சுமக்கும் கேள்வி அங்கேதான் பிறந்தது. வைத்தியம் இலவசமானால் மக்கள் கூடுதலாகப் பயன்படுத்துவார்கள், சரி. அந்தக் கூடுதல் வைத்தியத்தால் உடம்பு தேறுகிறதா?

இதற்குப் பதில் தேடி ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1974இல் தொடங்கிய சோதனையை இன்று யாரும் நினைத்துப் பார்க்கக்கூட மாட்டார்கள். நாட்டின் ஆறு இடங்களில் குடும்பங்களைச் சேர்த்தார்கள். ஓஹையோவின் டேட்டன், வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில், மாசசூசெட்ஸிலும் தென் கரோலினாவிலும் இரண்டிரண்டு இடங்கள். யாருக்கு எந்தக் காப்பீடு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதைப்போல் முடிவு செய்தார்கள். சிலருக்கு எல்லாம் இலவசம். சிலர் செலவில் 25 சதவீதத்தையும், சிலர் 50 சதவீதத்தையும், சிலர் 95 சதவீதத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும். வருமானத்துக்கு ஏற்ப அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒவ்வொரு குடும்பத்தையும் மூன்று அல்லது ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். தலைமை தாங்கியவர் ஜோசஃப் நியூஹவுஸ்.

இலவச வைத்தியம் கிடைத்தவர்களின் செலவு, 95 சதவீதம் கட்டியவர்களின் செலவைவிட ஏறக்குறைய 45 சதவீதம் அதிகமாக இருந்தது. சராசரி ஆளின் உடல்நலத்திலோ பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏழைகளாகவும் ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களாகவும் இருந்தவர்களுக்கு இலவச வைத்தியத்தில் இரத்த அழுத்தம் குறைந்தது. பணம் கட்ட வேண்டியிருந்தவர்கள் தேவையற்ற வைத்தியத்தை மட்டும் குறைக்கவில்லை என்பதும் தெரிந்தது. தேவையானதையும் தேவையில்லாததையும் சரிசமமாக விட்டுவிட்டார்கள். முதல் வரி மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் ஆனது. மற்ற இரண்டும் அடிக்குறிப்பிலேயே தங்கிவிட்டன. அதற்குப் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் ஊழியர்களின் பங்குத்தொகையை உயர்த்தியபோது இந்த முதல் வரியைத்தான் கையில் பிடித்துக்கொண்டன.

இன்னொன்றும் உண்டு. ராண்ட் சோதனையில் எல்லோருக்குமே ஏதோ ஒரு காப்பீடு இருந்தது. காப்பீடே இல்லாத ஏழைக்கு ஒன்று கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லவே இல்லை.

அதற்கான வாய்ப்பு 2008இல் எதிர்பாராத விதத்தில் வந்தது. ஓரிகன் மாநிலத்தில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் திட்டத்தின் ஒரு பிரிவு, பணம் போதாமல் புதிய ஆட்களைச் சேர்க்காமல் இருந்தது. சுமார் 10,000 பேரைச் சேர்க்க இப்போது இடம் இருக்கிறது என்று கணக்கிட்டு, விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். ஐந்து வாரத்தில் ஏறக்குறைய 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? எல்லோரும் ஏழைகள், எல்லோருக்கும் தேவை. அதனால் மாநில அரசு குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தது. ஆராய்ச்சிக்காகச் செய்ததல்ல, வேறு நியாயமான வழி தெரியாமல் செய்தது.

எம்.ஐ.டி.யின் ஏமி ஃபிங்கல்ஸ்டீனும் அப்போது ஹார்வர்டில் இருந்த கேத்தரின் பெய்க்கரும் இதன் மதிப்பை உடனே உணர்ந்தார்கள். குலுக்கலில் பெயர் வந்தவருக்கும் வராதவருக்கும் இடையே அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. காப்பீட்டின் விளைவை மட்டும் தனியே பிரித்தெடுக்க இதைவிடச் சுத்தமான வழி கிடைக்காது. ராண்ட் சோதனையை நடத்திய அதே நியூஹவுஸும் இந்தக் குழுவில் சேர்ந்தார்.

காகிதத்தில் சுத்தம், நடைமுறையில் அப்படி இல்லை. பெயர் வந்தவருக்கு உடனே காப்பீடு கிடைத்துவிடவில்லை. தபாலில் ஒரு விண்ணப்பம் போகும். 45 நாளில் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே, சொத்து 2,000 டாலருக்குள், ஆறு மாதமாகக் காப்பீடு இல்லாமல் இருந்திருக்க வேண்டும். பலர் அனுப்பவே இல்லை. அனுப்பியவர்களில் பாதிப் பேர் தகுதி பெறவில்லை. கடைசியில் பெயர் வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர்தான் திட்டத்தில் சேர்ந்தார்கள். பெயர் வராத சிலரும் வேறு வழியில் காப்பீடு பெற்றார்கள். ஆக, இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் காப்பீட்டு விகிதத்தில் இருந்த இடைவெளி வெறும் 25 சதவீதப் புள்ளிதான். நூறு பேருக்குச் சீட்டு விழுந்தால் அதனால் காப்பீடு பெற்றவர் 25 பேர். அந்த 25 பேரிடம் நடந்த மாற்றம், நூறு பேரின் சராசரியில் நான்கில் ஒரு பங்காக நீர்த்துப்போய்த்தான் தெரியும். பின்னால் வந்த எல்லாச் சண்டைக்கும் இந்தக் கணக்கே வேர்.

குழு இன்னொரு காரியம் செய்தது. டேட்டாவைப் பிரித்துப் பார்க்கும் முன்பே, எந்தெந்த விளைவுகளை எப்படி அளக்கப் போகிறோம் என்று எழுதிப் பொதுவில் வைத்துவிட்டார்கள். மருந்துச் சோதனைகளில் இது பழைய வழக்கம், பொருளியலில் அப்போது அபூர்வம். காரணம் எளிது. நூறு விதமாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஐந்து விதம் தற்செயலாகவே 'பலன்' காட்டும். பிடித்ததை மட்டும் எடுத்துப் பதிப்பித்துவிடலாம். அந்த ஆசைக்கு முன்கூட்டியே பூட்டுப் போட்டுவிட்டார்கள். இந்த ஆய்வில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பூட்டைத்தான்.

முதல் வருட முடிவுகள் 2011இல் ஒர்க்கிங் பேப்பராகவும் (இதழில் அச்சாகும் முன்பே சுற்றுக்கு விடும் வடிவம்) 2012இல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழிலும் வந்தன. காப்பீடு பெற்றவர்கள் கூடுதலாக வைத்தியம் பார்த்தார்கள், மருத்துவக் கடன் குறைந்தது, உடம்பு நன்றாக இருப்பதாகத் தாங்களே சொன்னார்கள். அப்புறம் போர்ட்லாந்து சுற்றுவட்டாரத்தில் 12,000க்கும் அதிகமானவர்களை நேரில் சந்தித்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள், விரலில் குத்தி இரத்தத் துளி எடுத்தார்கள். 2013 மே மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அந்த முடிவுகள் வந்தன.

மனச்சோர்வு சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. குடும்பத்தையே கவிழ்க்கிற அளவுக்கு மருத்துவச் செலவு வருவது ஏறக்குறைய ஒழிந்தேவிட்டது. சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படுவதும் அதற்கு மருந்து எடுப்பதும் கூடின. ஆனால் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்கிற எச்பிஏ1சி ஆகியவற்றில் புள்ளியியல் ரீதியாக உறுதியான மாற்றம் எதுவும் இல்லை.

ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி மெடிகெய்ட்டை விரிவாக்குவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்யலாம் என்று உச்சநீதிமன்றம் அதற்கு முந்தின வருடம்தான் சொல்லியிருந்தது. எல்லா மாநிலத்திலும் விவாதம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தக் கட்டுரை வந்து விழுந்தது. 'மெடிகெய்ட்டால் ஆரோக்கியம் கூடாது என்று நிரூபணமாகிவிட்டது' என்று ஒரு தரப்பு எழுதியது. எதிர்த்தரப்பு மனச்சோர்வையும் பணப் பாதுகாப்பையும் தூக்கிப் பிடித்தது.

கட்டுரையிலேயே இருந்த ஓர் எண்ணைக் கிட்டே போய்ப் பாருங்கள். சர்க்கரை 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள், காப்பீடு கிடைக்காத கூட்டத்தில் 5.1 சதவீதம். காப்பீட்டால் அது 0.93 புள்ளி குறைந்ததாக மதிப்பீடு. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சர்க்கரை மருந்து சாப்பிடுகிறவர்களிடம் எதிர்பார்க்கக்கூடிய அளவிலிருந்து இது பெரிய தூரத்தில் இல்லை. ஆனால் நிச்சயமின்மையின் வரம்பு, 2.44 புள்ளி குறைந்தது என்பதிலிருந்து 0.57 புள்ளி கூடியது என்பது வரை நீண்டது. பெரிய நன்மை நடந்திருந்தாலும் சரி, ஒன்றுமே நடக்காமல் போயிருந்தாலும் சரி, இந்த எண் இப்படி வந்திருக்கலாம். 12,000 பேர் என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது. அதில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் சில நூறு பேர்தான், அவர்களிலும் சீட்டு விழுந்து காப்பீடு பெற்றவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு 'பலன் இல்லை' என்று தீர்ப்பு எழுத யாருக்கும் உரிமை கிடையாது. ஆய்வாளர்கள் அப்படி எழுதவும் இல்லை.

அடுத்த வருடம் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு மறுதரப்புக்கு அடி. காப்பீடு கிடைத்தால் மக்கள் குடும்ப டாக்டரிடம் போவார்கள், அவசரப் பிரிவில் கூட்டம் குறையும், அரசுக்குச் செலவு மிச்சமாகும் என்று விரிவாக்க ஆதரவாளர்கள் சொல்லிவந்தார்கள். ஆனால் ஓரிகனில் அவசரப் பிரிவுக்குப் போவது சுமார் 40 சதவீதம் கூடியிருந்தது. வைத்தியம் மலிவானால் எல்லா வகை வைத்தியமும் கூடும் என்ற பாலியின் பழைய வாதம்தான் இங்கேயும் நின்றது.

இந்த ஆய்வு பொருளியல், மருத்துவம் என்று இரண்டு உலகத்து இதழ்களில் வந்தது என்பதைக் கவனித்தீர்களா? சுகாதாரப் பொருளியலாளர்களின் வாழ்க்கை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஓடுவது இதனால்தான். பொருளியலில் கட்டுரை அச்சாவதற்கு வருடங்களுக்கு முன்பே ஒர்க்கிங் பேப்பராக எல்லோர் கைக்கும் போய்விடும். அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வகம் 1973 முதல் இவற்றை வெளியிட்டுவருகிறது. செமினாரில் முதல் ஸ்லைடிலேயே குறுக்கே கேள்வி விழும். ஒரு மணி நேரப் பேச்சில் பாதி, பதில் சொல்வதிலேயே போகும். அங்கே அடிபட்டுத் திருத்தித்தான் கட்டுரை உருப்பெறும். மருத்துவ இதழ்களின் மரபு தலைகீழாக இருந்தது. ஏற்கெனவே வெளியே வந்த ஆய்வை ஏற்கமாட்டோம் என்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல்' ஆசிரியர் ஃப்ரான்ஸ் இங்கல்ஃபிங்கர் 1969இல் விதி வைத்தார்; மற்ற இதழ்களும் பின்பற்றின. அங்கே போகிற ஆய்வு, வெளியாகும் நாள்வரை மூடிய உறைக்குள் இருக்க வேண்டியிருந்தது. அங்கே சில பக்கங்களுக்குள் முடிக்க வேண்டும். பொருளியல் கட்டுரையோ பிற்சேர்க்கையோடு நூறு பக்கத்தைத் தாண்டும்.

பெயர் போடும் வரிசைகூட வேறு. பொருளியலில் பெரும்பாலும் அகர வரிசை. மருத்துவத்தில் முதல் பெயரும் கடைசிப் பெயரும்தான் கௌரவம். ஓரிகன் குழு இதை அழகாகச் சமாளித்தது. 2012 கட்டுரையில் ஃபிங்கல்ஸ்டீன் முதலில், பெய்க்கர் கடைசியில். 2013 கட்டுரையில் பெய்க்கர் முதலில், ஃபிங்கல்ஸ்டீன் கடைசியில்.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நல்ல ஆய்வுகள்கூட அடிபடும். நடுவயது வெள்ளை அமெரிக்கர்களின் இறப்பு விகிதம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருளியலாளர்கள் ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் கண்டுபிடித்து எழுதியதைப் பெரிய மருத்துவ இதழ்கள் உடனடியாகத் திருப்பி அனுப்பின. 2015 நவம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அது வந்தபோது, டீட்டனுக்கு நோபல் அறிவித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன.

பொருளியல் இதழ்களின் வேகம் வேறு விதமான கொடுமை. துறையில் 'டாப் ஃபைவ்' என்று ஐந்து இதழ்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணி வேண்டுமானால் இவற்றில் கட்டுரை வந்தாக வேண்டும். டேவிட் கார்டும் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் 2013இல் கணக்கெடுத்தார்கள். 1970களின் கடைசியில் இந்த ஐந்தும் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 400 கட்டுரைகள் வெளியிட்டன. பிறகு அது 300 ஆகச் சுருங்கியது. வருகிற கட்டுரைகளோ 1990க்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மடங்காயின. ஏற்கப்பட்ட விகிதம் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்கியது. அனுப்பியதிலிருந்து ஏற்கப்படும்வரை 1970 வாக்கில் ஆறு முதல் ஒன்பது மாதம் ஆனது. 2000க்குள் அது இரண்டு வருடத்தை நெருங்கிவிட்டதாக க்ளென் எலிசன் காட்டினார்.

நிரந்தரப் பணிக்கான கெடு ஆறேழு வருடம்தான். ஆயிரக்கணக்கான பேரை வருடக்கணக்கில் பின்தொடரும் சோதனையை ஓர் இளைஞர் எப்படித் தொடங்குவார்? பணம் திரட்ட ஒரு வருடம், அனுமதிக்கு ஒரு வருடம், களத்தில் மூன்று வருடம், இதழில் இரண்டு வருடம். கெடு முடிந்துவிடும். அதனால் அவர் ஏற்கெனவே யாரோ சேகரித்த டேட்டாவில், சட்டமோ எல்லைக்கோடோ தற்செயலாக உண்டாக்கிய வித்தியாசத்தைத் தேடுகிறார். அது தவறல்ல, நல்ல ஆய்வுகள் பல அப்படித்தான் வந்திருக்கின்றன. ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படும் என்பதை நோயாளியின் தேவை மட்டும் தீர்மானிப்பதில்லை, பேராசிரியரின் கடிகாரமும் தீர்மானிக்கிறது. எனக்கு இது உறுத்தலான விஷயம். கெடுவை நீட்டுவதோ, பாதியில் நிற்கும் சோதனையையும் வேலையாக எண்ணுவதோ பல்கலைக்கழகங்களின் கையில்தான் இருக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. பிரிட்டனில் 1972 முதல் கூடிவரும் சுகாதாரப் பொருளியலாளர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையை எழுதியவர் அதை வாசிப்பதில்லை. இன்னொருவர் படித்துவிட்டு வந்து, இதில் இருப்பது இது, குறை இது என்று எடுத்துச் சொல்வார். எழுதியவர் உட்கார்ந்து கேட்பார். தன் கட்டுரை அடுத்தவருக்கு எப்படிப் புரிந்தது என்பதை நேரில் கேட்கிற வாய்ப்பு அது. ஓரிகன் முடிவுகளைப் பத்திரிகைகள் படித்த விதத்தைப் பார்க்கும்போது, எல்லாத் துறைக்கும் இப்படி ஒரு கூட்டம் வேண்டும் போலிருக்கிறது.

சரி, ஓரிகன் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி என்ன ஆயிற்று? காப்பீடு உயிரைக் காக்குமா என்பதைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் போதாது, லட்சக்கணக்கானவர்கள் வேண்டும். அதுவும் ஒரு பற்றாக்குறையால்தான் கிடைத்தது. ஒபாமாவின் சட்டப்படி காப்பீடு எடுக்காததற்காக அபராதம் கட்டிய குடும்பங்களுக்கு, 'காப்பீடு எடுக்க வழிகள் உண்டு' என்று அமெரிக்க வருமான வரித்துறை 2017இல் கடிதம் அனுப்பத் தீர்மானித்தது. எல்லோருக்கும் அனுப்பப் பணம் போதவில்லை. 39 லட்சம் குடும்பங்களுக்குப் போனது. யாருக்குப் போகாது என்பது தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜேக்கப் கோல்டின், இத்தை லூரி, ஜேனட் மக்கப்பின் மூவரும் இந்தப் பதிவுகளை இறப்புப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தார்கள். கடிதம் பெற்ற 45 முதல் 64 வயதுக்காரர்களில், அடுத்த இரண்டு வருடத்தில் 1,648 பேருக்கு ஒருவர் வீதம் இறப்பு குறைந்திருந்தது. காப்பீட்டைத் தூண்டிய ஒரு கடிதத்தின் விளைவு இவ்வளவு. ஓரிகன் அளவுள்ள ஓர் ஆய்வில் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்கவே முடியாது.

அந்த ஆய்வு 2019 டிசம்பரில் ஒர்க்கிங் பேப்பராக வந்து, 2021இல் 'குவார்ட்டர்லி ஜர்னல்' இதழில் அச்சானது. அதற்குள் அபராதத்தையே 2019 முதல் பூஜ்யமாக்கிவிட்டார்கள். அதே கடிதத்தை அதே காரணத்துக்காக இன்னொரு முறை அனுப்பிப் பார்க்க இப்போது வழியில்லை.